புதுப் போனுக்கு வராத குரல்

அத்தியாயம் 17

இந்தக் காலத்து ஜனங்கள் போனைக் காதில் வைத்துப் பேசுவதையே விட்டுவிட்டார்கள். அப்பளத்தைக் கடிக்கப் போகிறவர்கள் மாதிரி வாய்க்கு நேராகத் தூக்கிப் பிடித்துக்கொண்டு பேசுகிறார்கள். பாகூரில் பஸ் ஏறினால் கன்னியக்கோயில் வருவதற்குள் நாலு குடும்பத்துச் சண்டை காதில் விழுந்துவிடுகிறது. பெண்டாட்டி திட்டுவதும் கேட்கிறது, திட்டு வாங்குகிறவன் முழிப்பதும் தெரிகிறது. என்னய்யா இது என்றால் ஸ்பீக்கராம். வெட்கம், மானம் எல்லாவற்றையும் ஸ்பீக்கரில் போட்டாயிற்று.

இது குருவிநத்தம் தணிகைவேலுவின் கட்சி. வயது எழுபத்திரண்டு. படிப்பில் மூன்றாம் வகுப்பைத் தாண்டவில்லை; மனிதர்களை நம்புவதில் ஒன்றாம் வகுப்பிலேயே நின்றுவிட்டார்.

அவர் நம்பிப் பேசுகிற ஆள் ஒன்றே ஒன்றுதான். அதுவும் ஆள் இல்லை, ஆத்தோரக் காணியில் இருக்கிற மோட்டார்.

மோட்டார் பெட்டிக்குள் ஒரு சிம் இருக்கிறது. தணிகைவேலுவின் நம்பரிலிருந்து கூப்பிட்டால் மோட்டார் ஓடும். மறுபடி கூப்பிட்டால் நிற்கும். வேறு எவன் கூப்பிட்டாலும் மதிக்காது. ஓடத் தொடங்கியதும், "மோட்டார் இயங்குகிறது" என்று ஒரு பெண் குரல் சொல்லும்.

"எனக்கு மரியாதையா பதில் சொல்ற ஒரே பொம்பள அவதான்" என்பார் தணிகைவேல்.

மரியாதை இல்லாமல் பதில் சொல்கிற பொம்பளை அவர் மகள் ஜெயசுதா. வியாழக்கிழமை காலையில் அவள்தான் அந்த அட்டைப் பெட்டியைக் கொண்டுவந்து அவர் முன்னால் வைத்தாள்.

"எப்பா, அண்ணன் அனுப்பினது வந்துட்ச்சி."

"இன்னா அது, மைசூர்பாகு டப்பா மாதிரி?"

"போனு. ஆப்பிளு. அண்ணன் வெச்சிருந்தது. அவங்க வேற புதுசு வாங்கிட்டாங்களாம்."

தணிகைவேல் அதைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார். முதுகில் இருந்த படத்தை நகத்தால் சுரண்டினார்.

"பழத்த ஒரு கடி கடிச்சிட்டுத்தான் அனுப்பியிருக்கான், பார்த்தியா? எச்சிப் பண்டம்."

ஜெயசுதாவுக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் அவள் சிரிக்கிற நிலைமையில் இல்லை.

போன செவ்வாய்க்கிழமைதான் அண்ணன் ராஜ்மோகன் சென்னையிலிருந்து கூப்பிட்டு, ஆத்தோரக் காணியை மனை போடுகிற ஒருத்தனுக்குக் கொடுத்துவிடலாம் என்றான். "காணி தங்கச்சிக்குன்னு நீதானடா சொன்ன" என்று தணிகைவேல் கத்தினார். "நானா? எப்போ சொன்னேன்?" என்றான் ராஜ்மோகன்.

அந்த 'எப்போ'வுக்குப் பதில் சொல்ல இந்த வீட்டில் ஒரு துண்டுக் காகிதம் கிடையாது.

ஜெயசுதா வில்லியனூரில் புருஷனோடு சரிப்படாமல் திரும்பி வந்து ஒன்பது வருஷம் ஆகிறது. காணியில் கரும்பு வைத்தவள் அவள். தோகை உரித்தவள், வெட்டின கட்டையிலிருந்து மறுதாம்பு விட்டவள், வெட்டு ஆள் வராதபோது தானே அரிவாளோடு இறங்கியவள் அவள். பட்டா மட்டும் அப்பா பேரில். அண்ணன் வாயும் அப்பன் வாயும்தான் அவளுக்குப் பத்திரம். அதில் ஒரு வாய் இப்போது மாறிவிட்டது. வருகிற ஞாயிறு ராஜ்மோகனும் அவன் பெண்டாட்டி மகாலட்சுமியும் முடிவு பேச வருகிறார்கள்.

"ஒன் பழைய போன பாகூர்ல பஷீர் பாய் கடையில குடுத்துடச் சொன்னாங்க. எக்ஸ்சேஞ்சு பேசிட்டாங்களாம்" என்றாள் ஜெயசுதா.

"யாரு சொன்னது?"

"அண்ணன்தான் மெசேஜ் அனுப்பியிருக்குது. ரெண்டு தடவ. மறக்காம குடுத்துடுங்கன்னு."

தணிகைவேல் இடுப்பிலிருந்து தன் பழைய போனை எடுத்துப் பார்த்தார். முன்கண்ணாடியில் சிலந்திவலை மாதிரி விரிசல். பின்பக்க மூடி கழன்றுவிடாமல் இரண்டு ரப்பர் பேண்ட். ரோட்டில் கிடந்தால் குனிந்து எடுக்க மாட்டான் எவனும்.

"இந்தக் கசுமாலத்துக்கு ரெண்டு தடவ மெசேஜா?" என்றார். "காணிய வுட மாட்டேன்றவன் போனச் சும்மாக் குடுப்பானா? வண்டிய எடுடி. பாய்கிட்ட கேட்டுட்டு வந்துடலாம்."

பாகூர் கடைத்தெருவில் பஷீர் அகமது கடை வைத்து இருபது வருஷம் இருக்கும். தணிகைவேலுவின் ஒவ்வொரு போனும் அந்தக் கண்ணாடி மேஜையைத் தாண்டித்தான் போயிருக்கிறது.

"வாங்கண்ணே! இன்னிக்கு எதக் கொல்றதுக்கு வந்திருக்கீங்க?" என்றார் பஷீர்.

"நானா கொன்னேன்? நீ வித்த லட்சணம் பாய் அது."

"மொதல்ல வாங்கின பட்டன் போன எட்டு வருஷம் வெச்சிருந்தீங்களே, அதுவும் என் லட்சணந்தான்."

"அது ஒண்ணுதான் போனு. டார்ச்சு அடிக்கும், கீழ வுழும், எழுந்துக்கும். வாரத்துக்கு ஒரு தடவ சார்ஜி. அத வுட்டுட்டு டச்சுக்கு மாறுங்கன்ன. மாறினேன். கட்டம் கட்டமா ஓடுமே, அந்தப் போனு. வாங்கி ரெண்டு வருஷத்துல, அந்தக் கம்பெனி இனிமே அந்த மாதிரி போனே பண்ண மாட்டான்னுட்ட. வாட்சப்பு நின்னுச்சா? சோரியாங்குப்பத்து வெட்டு மேஸ்திரி நம்பர் அதோட போச்சா? என் கரும்பு இருவது நாளு காட்ல நின்னு காஞ்சிதே, யாரு வந்தது?"

"அதுக்கப்புறம் கொரியாக்காரன் போன் குடுத்தேன்ல?"

"குடுத்த. அது நல்லாத்தான் இருந்துச்சு. உள்ள எடமில்ல எடமில்லன்னு தெனமும் அழுதுச்சு. போனுக்குள்ள இன்னா நெல்லா கொட்டி வெச்சேன்? அப்புறம் இவ வந்து ஒங்கிட்டயே இந்தச் சைனாக்காரன வாங்கினா. இது ஒண்ணுதான் இன்னி வரைக்கும் சத்தமாப் பேசுது. மாறு மாறுன்னு மாறினதுல ஒரு தடவையாவது எல்லாமும் கூட வந்துச்சா? ஒவ்வொரு வாட்டியும் எதையாவது பழசுலயே வுட்டுட்டுத்தான் வரணும்."

மேஜைக்குப் பின்னால் பஷீரின் மகள் ஆசிபா சிரித்துக்கொண்டே கை நீட்டினாள். கம்ப்யூட்டர் படித்துவிட்டு அப்பாவின் கடையை இப்போது அவள்தான் பார்க்கிறாள். "குடுங்க தாத்தா. இந்த முறை ஒண்ணு விடாம மாத்திக் குடுக்கறேன்."

தணிகைவேல் கொடுக்கவில்லை. "இரும்மா. பாய், எம்மவன் ஒங்கிட்ட எக்ஸ்சேஞ்சு பேசினானா?"

பஷீர் விழித்தார். "எக்ஸ்சேஞ்சா? இதுக்கா? யாரும் பேசலியே அண்ணே. ஒங்க மருமவதான் போன் பண்ணுச்சி. பழைய போன வாங்கி பத்திரமா வைங்க, யாருக்கும் வித்துடாதீங்க, ஞாயித்துக்கெழம நாங்களே வந்து எடுத்துக்கறோம்னு."

தணிகைவேல் மகளைப் பார்த்தார். மகள் பழைய போனைப் பார்த்தாள்.

"மகாலட்சுமிக்கு இது எதுக்கு?" என்றார்.

"மாத்தித்தான் பார்த்துடலாமேப்பா. அது உள்ள இன்னா இருக்குதுன்னாவது தெரியும்" என்றாள் ஜெயசுதா.

அரைமனதாக ரப்பர் பேண்டைக் கழற்றிக் கொடுத்தார். ஆசிபா சிம்மை எடுத்துப் புதியதில் போட்டாள். இரண்டு போனையும் பக்கத்தில் பக்கத்தில் படுக்க வைத்தாள்.

"தாத்தா, பூட்டு வைக்கணும். கட்டைவெரல வைங்க."

வைத்தார். புதுப் போன் ஏற்கவில்லை. எடுத்து வைத்தார், துடைத்து வைத்தார், அழுத்தி வைத்தார். ஐம்பது வருஷம் கரும்புத் தோகையும் மண்வெட்டிப் பிடியும் தேய்த்த விரல். ரேகை என்று சொல்லிக்கொள்ள அதில் ஒன்றும் மிச்சமில்லை. ரேஷன் கடையிலும் இதே கதைதான். பழைய போனைக்கூட இடது கைச் சுண்டு விரலால்தான் தட்டுவார். அது ஒன்றுதான் கொஞ்சம் மெத்தென்று இருக்கும்.

"அப்ப நம்பர் போட்டுக்குங்க தாத்தா. ஆறு நம்பர்."

"அதெல்லாம் ஞாபகம் வெச்சிக்கினு கெடக்க மாட்டேன்."

"சரி, நம்பர அக்கா போட்டுக்கட்டும். வெரலையும் அக்காவே வைக்கட்டும்."

ஜெயசுதா விரலை வைத்தாள். போன் உடனே திறந்துகொண்டது. அதுவே தணிகைவேலுவுக்குப் பிடிக்கவில்லை.

அரை மணி நேரம் போனது. "படம் வந்துட்ச்சி, நம்பரெல்லாம் வந்துட்ச்சி, வாட்சப்பு வந்துட்ச்சி" என்று சொல்லிக்கொண்டே வந்த ஆசிபா, சட்டென்று பழைய போனைக் கையில் எடுத்தாள்.

"தாத்தா, இதுல கால் ரெக்கார்டு ஆன்ல இருக்குது. தெரியுமா?"

"இன்னாது?"

"நீங்க யாருகூடப் பேசினாலும் இது பதிவு பண்ணி வெச்சிருக்குது. வாங்கின நாள்லேர்ந்து. ரெண்டாயிரத்துக்கு மேல இருக்குது. இது மட்டும் புதுப் போனுக்கு வராது. அந்த வழி வேற, இந்த வழி வேற."

"நாந்தான் ஆன் பண்ணிக் குடுத்தேன்" என்றார் பஷீர். "அப்பல்லாம் வாங்கறவங்க எல்லாரும் கேட்டுகினு இருந்தாங்க. ஒங்க மருமவளுக்குக்கூட இது தெரியும்."

தணிகைவேல் எழுந்து நின்றுவிட்டார்.

"எல்லாமும்னா? எம்மவன் பேசினதும் இருக்குமா?"

"இருக்கும் தாத்தா. எந்தத் தேதி?"

"தேதியா? ஆத்துத் தண்ணி ஊருக்குள்ள பூந்துச்சே, அந்தப் புயலு. பள்ளிக்கூடத்துல கொண்டுபோயி எங்கள வெச்சாங்க. ரெண்டாம் நாளு அவன் கூப்ட்டான். தேடும்மா! காணி வாணாம்னு சொன்னது அன்னிக்குத்தான்."

ஜெயசுதா மேஜை விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றாள். அன்றைக்கு அவள் பள்ளிக்கூடத்தில் இல்லை. இடுப்பளவுத் தண்ணீரில் மாட்டை அவிழ்க்கப் போயிருந்தாள்.

ஆசிபா தேடி எடுத்தாள். "இதோ. அண்ணன் நம்பர். ஸ்பீக்கர்ல போடட்டுமா?"

"போடு! ஊருக்கே கேக்கட்டும்" என்றார் தணிகைவேல்.

முதலில் மழை இரைச்சல். ஏதோ குழந்தை அழுகை. பிறகு ராஜ்மோகன்.

"எப்பா, தங்கச்சி எங்க?"

"மாட்ட அவுக்கப் போயிருக்குது" என்றது ஒரு கரகரத்த குரல்.

"யாரும்மா அது, எடையில பேசறவன்?" என்று கேட்டார் தணிகைவேல்.

"நீங்கதான் தாத்தா."

"நானா?" அவர் முகம் சுளித்தார்.

போனில் ராஜ்மோகன் கோபமாகச் சத்தம் போட்டான். "அவள தண்ணியில அனுப்பிட்டு நீங்க உக்காந்திருக்கீங்களா? நல்லா இருக்குதுப்பா. இங்க பாருங்க, அந்தக் காணிய அவ பேருக்கே எழுதிடுங்க. எனக்கு வேணாம். நான் பின்னால கேக்க மாட்டேன். அவ படற பாட்டுக்கு அதுகூட இல்லன்னா எப்படி?"

தணிகைவேல் மேஜையை ஓங்கித் தட்டினார். கண்ணாடி அதிர்ந்தது. தெருவில் போன இரண்டு பேர் நின்று பார்த்தார்கள்.

"கேட்டியா பாய்? எப்போ சொன்னேன்னு கேட்டானே, இதோ! இதோ அவன் வாயி! ஞாயித்துக்கெழம வரட்டும், காதுல வெச்சித் தேய்க்கறேன். போதும்மா, நிறுத்து."

நிறுத்து என்றவர் ஆசிபாவுக்காகக் காத்திருக்கவில்லை. அந்த மிதப்பில் கட்டைவிரலாலேயே போனைக் குத்தினார். விரிசல் விட்ட கண்ணாடி தேய்ந்த விரலை மதிக்கவில்லை. இன்னொரு குத்து. போன் பேசிக்கொண்டே இருந்தது.

"செரிடா. காணி அவளுக்கு. அப்ப வூடு ஒனக்கு" என்றது கரகரத்த குரல். "அவகிட்ட இப்ப சொல்லிக்க வாணாம்."

"வீடா? அப்புறம் அவ எங்கப்பா இருப்பா?"

"எங்க இருப்பா? மாட்டுக் கொட்டாய்ல ஒரு பக்கம் ஷீட்டு எறக்கிக் குடுத்தா கெடந்துட்டுப் போறா. வாழாம வந்தவளுக்கு இன்னா, மெத்த வூடா கேக்குது?"

ராஜ்மோகன் பக்கத்திலிருந்து ஒரு பெண் குரல், மெதுவாக: "செரின்னு சொல்லுங்க."

"...செரிப்பா" என்றான் ராஜ்மோகன்.

இப்போதுதான் ஆசிபா கை நீட்டி நிறுத்தினாள்.

பஷீர் எதையோ தேடுகிறவர் மாதிரி கீழே குனிந்துகொண்டார்.

"அண்ணிக்கு எதுக்குப் பழைய போனுன்னு கேட்டியே" என்றாள் ஜெயசுதா. "இதுக்குத்தான்."

தணிகைவேல் அவளைப் பார்க்கவில்லை. போனைப் பார்த்தார்.

"அது என் கொரல் இல்ல" என்றார்.

"தாத்தா, அது..."

"என் கொரல் எனக்குத் தெரியாதா? எழுவத்திரண்டு வருஷமா நான்தான கேட்டுகினு இருக்கேன்? இவன் மூக்கால பேசறான். எவனோ ஒட்ட வெச்சிருக்கான். டிவியிலயே சொல்றானே, யாரு மாதிரி வேணா மிஷினு பேசும்னு."

"அண்ணன் பேசினது நெசம். நீ பேசினது மட்டும் மிஷினா?"

"ஆமா."

"வெள்ளம் வடிஞ்சதும் அந்த வூட்டுச் சேத்த வாரினவ நானு" என்றாள் ஜெயசுதா. அவள் கத்தவில்லை, கத்தியிருந்தால் அவருக்குச் சுலபமாக இருந்திருக்கும். "நாலு நாளு. முட்டி அளவு ஆத்துச் சேறு. நீ பள்ளிக்கூடத்துல உக்காந்துகினு, நல்லா வாரிட்டியாடின்னு கேட்ட. அண்ணன் வூட்டுச் சேத்தன்னு சொல்லியிருந்தா கூலியாவது கேட்டிருப்பேன்."

"ரொம்பப் பேசாத."

"இனிமேதான் பேசணும்."

அவர் பழைய போனை வெடுக்கென்று எடுத்து, இரண்டு ரப்பர் பேண்டையும் மாட்டினார். "எம்மா, அந்தச் சிம்ம எடுத்து இதுலயே போடு. எனக்கு எச்சிப் பழமும் வாணாம், ஒண்ணும் வாணாம்."

ஆசிபா ஜெயசுதாவைப் பார்த்தாள். புதுப் போன் ஜெயசுதாவின் கைக்குள் இருந்தது. அவள் கை மூடிக்கொண்டது.

"சிம்மு எங்கிட்ட இருக்கட்டும்."

"மோட்டாருக்கு எவன் போன் போடுவான்?"

"நான் போடறேன்."

"அது என் நம்பருடி!"

"ஒன் நம்பர்தான். என் வெரலுக்குத்தான் தொறக்குது."

தணிகைவேலுவுக்கு வாயில் என்னென்னவோ வந்தது. பாய் கடை என்பதால் பாதியை விழுங்கினார். "அப்ப அந்த மோட்டாரையே கட்டிக்கினு அழு" என்று மீதியைச் சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டினார்.

"அண்ணே, வெய்யில்ல எங்க போறீங்க? பாப்பா வண்டி இருக்குதே" என்றார் பஷீர்.

"எனக்குக் கால் இருக்குது. இத எந்தக் கம்பெனிக்காரனும் மாத்தச் சொல்லல."

படி இறங்கும்போது பின்னால் ஆசிபா தாழ்ந்த குரலில் கேட்டது காதில் விழுந்தது. "அக்கா, அந்தப் பதிவ நான் அப்பவே கம்ப்யூட்டர்ல ஏத்திட்டேன். வெச்சிருக்கட்டுமா, அழிச்சிடட்டுமா?"

ஜெயசுதா என்ன சொன்னாள் என்று கேட்க அவர் நிற்கவில்லை. நின்றால் கேட்டதாக ஆகிவிடும்.

கொஞ்ச தூரம் நடந்து, வந்த டெம்போவில் ஏறி, ஊர் முனையில் இறங்கி நேராக ஆத்தோரக் காணிக்குப் போனார். பதினோரு மணிக்கு மும்முனைக் கரண்ட் வரும். பெட்டியில் கைச் சுவிட்ச் இருக்கிறது. போன் இல்லாவிட்டால் விவசாயம் நின்றுவிடுமா? கையாலேயே போட்டுவிட்டால் ஆயிற்று. அவளுக்கும் தெரியட்டும்.

வாய்க்கால் முனைக்கு வந்தபோது மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது.

தண்ணீர் நுரையோடு வந்து விழுந்து, முதல் பாத்தியைத் தாண்டி, இரண்டாவது பாத்தியில் பாதி தூரம் போயிருந்தது. கரும்பின் அடியில் மண் கறுத்துக் குளிர்ந்திருந்தது. எவளோ பாகூரிலிருந்து ஒரு விரலை வைத்து, "மோட்டார் இயங்குகிறது" என்று பதில் வாங்கிக்கொண்டுவிட்டாள்.

தணிகைவேல் பெட்டியைத் திறந்தார். சுவிட்சின் மேல் கை வைத்தார். நிறுத்தினால் கரும்புதான் காயும். கையை எடுத்துக்கொண்டார்.

"யாரக் கேட்டு ஓடற?" என்றார்.

சொல்லிவிட்டு, சொன்னதைக் கவனித்தார். கரகரப்பு கொஞ்சம் இருந்தது. வெயிலில் வந்ததில் தொண்டை காய்ந்திருக்கும். கனைத்துக்கொண்டு இன்னொரு முறை உரக்கச் சொன்னார்.

"யாரக் கேட்டு ஓடறன்றேன்?"

கரும்புக்குள்ளிருந்து இரண்டு கொக்கு பறந்தது.

மூக்கால் பேசுகிற மாதிரியா இருக்கிறது? இல்லவே இல்லை. கணீர் என்று இருக்கிறது. அந்தப் போனில் பேசினவன் வேறு எவனோதான்.

காறித் துப்பிவிட்டு, சிம் இல்லாத போனை இடுப்பில் இறுக்கிச் செருகிக்கொண்டு, மோட்டார் பக்கம் திரும்பிப் பார்க்காமல் தணிகைவேல் வரப்பில் ஏறி நடந்தார்.